மூக்குப்பொடி மேல் போட்ட பழி

குற்றமில்லாத ஒரு மனிதரையும் அவருடைய மூக்குப்பொடியையும் நான் பொய் சொல்லி ஓர் அலுவலகத்திலிருந்து வெளியேற்றினேன். ஒரு சின்ன பிளக்கைச் செருக மறந்திருந்தேன். அதை மறைக்கத்தான் அந்தப் பொய். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் பணி அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். சாமர்த்தியம் காட்டிய கதைகள் என்னிடமும் உண்டு. ஆனால் அவற்றால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

எண்பதுகளின் பிற்பகுதி அது. இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு, மதுரையில் கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கம்பெனியில் சர்வீஸ் என்ஜினியராக இருந்தேன். திண்டுக்கல் பக்கம் எங்கள் மிஷின் எங்கே லாரியில் போனாலும் பின்னாலேயே நான் பஸ்ஸில் போவேன்.

நீங்கள் இன்று திரையில் பார்த்து மாற்றுகிற ஃபர்ம்வேர் அமைப்புகள் அன்றும் உண்டு. ‘செட்டப்’ என்போம். மிஷின் கண் விழித்ததும் தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று அதற்குத் தானாகத் தெரியாது. மெமரி எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எந்த ரகம், திரை கறுப்பு வெள்ளையா கலரா என்பதையெல்லாம் நாம்தான் ஒரு முறை சொல்லிவைக்க வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டம் அதை வைத்துத்தான் எதை எதற்குக் கொடுப்பது என்று பங்கு போடும். கல்யாண வீட்டுச் சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அரிசி எத்தனை மூட்டை, பாத்திரம் எத்தனை என்று யாராவது சொன்னால்தானே அடுப்பு மூட்டுவார்?

நாம் சொல்லிவைத்ததை, கரண்ட் இல்லாத நேரத்தில் ஒரு சின்ன பேட்டரிதான் காப்பாற்றி வைக்கும். அது பெட்டியின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று வந்து போர்டில் செருகும். வழியில் பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்று அந்த பிளக்கைக் கழற்றிய நிலையில்தான் மிஷினை அனுப்புவார்கள். இறக்கி வைக்கும்போது என்ஜினியர் செருக வேண்டும். செருகாவிட்டால், சுவிட்சை அணைத்ததுமே மிஷினுக்கு எல்லாம் மறந்துபோகும். ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று தன் வயிற்றுக்குள் இருப்பதே மறந்துபோகும். தேதி கேட்டால் 1980 ஜனவரி ஒன்று என்று கூசாமல் சொல்லும்.

திண்டுக்கல்லிலிருந்து சித்தையன்கோட்டை போகிற வழியில் ஒரு நூற்பாலை. முதலாளி நெய்க்காரப்பட்டிக்காரர். அந்த வட்டாரத்து மில்களில் முதல் கம்ப்யூட்டர் தன்னுடையதுதான் என்பதில் அவருக்கு அளவில்லாத பெருமை. மிஷினுக்கென்று கண்ணாடித் தடுப்பு போட்டு, ஏசி வைத்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார். நான் போன அன்று மிஷினுக்குச் சந்தனம் வைத்து மாலையும் போட்டிருந்தார்கள். மாலையைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்: அந்த அறையில் நான் என்ன சொன்னாலும் செய்வார்கள்.

மிஷினை இயக்கப் பயிற்சி பெற்ற பெண் ராஜாத்தி, சின்னாளபட்டி நெசவுக் குடும்பம். தலை நிறைய மல்லிகை வைத்து வந்திருந்தாள். எனக்கு மல்லிகை வாசனை தலைவலியைக் கிளப்பும். மூடிய அறையில் இன்னும் மோசம். அதை மிஷினின் தலைவலியாக மாற்றிச் சொன்னேன்.

“கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள பூ ஆகாதும்மா. ஈரம்.”

“பூவுல என்ன சார் ஈரம்?”

“உனக்குத் தெரியாது.”

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரிய பொய்க்கு முன்னால் இந்த மாதிரி ஒரு சின்னப் பொய் ஒத்திகைக்கு வந்துவிட்டுப் போகும்.

ஹெட் கிளார்க் சவரிமுத்து. திண்டுக்கல் டவுன்காரர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மில் தொழிலாளர்களின் சம்பளக் கணக்கு முழுவதும் அவருடைய பொறுப்பு. அவர் மேசையும் அந்தக் கண்ணாடி அறைக்குள்ளேயே இருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் காவி நிறமாகிப்போன ஒரு துண்டு. அந்தத் துண்டு கடையில் வாங்கும்போது வெள்ளையாகத்தான் இருந்திருக்கும். மற்றதெல்லாம் பொடியின் கைவண்ணம். சிட்டிகையை ஏற்றிவிட்டு, கண்ணை மூடி, ஓர் இழுப்பு இழுத்தாரானால் கண் திறக்கும்போது கூட்டுத்தொகையோடு திறப்பார்.

மதியம் நான் ஓட்டல் பொட்டலத்தைப் பிரித்தபோது தன் தூக்குச்சட்டியை என் பக்கம் நகர்த்தினார். வயதில் சின்னவர்கள் எல்லாரும் அவருக்கு ‘அப்பு’தான்.

“என்ன அப்பு, வெறுஞ்சோத்தையா திங்கப்போற? இந்தா, வெஞ்சனம் இருக்கு. அள்ளிப் போட்டுக்க.”

கருவாட்டுக் குழம்பு. கூச்சமில்லாமல் அள்ளிப் போட்டுக்கொண்டேன். செட்டப்பை முடித்து, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்து, மூடியைப் பூட்டிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். பிளக் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை முதலாளி பக்கத்து மில் முதலாளிகள் சிலரை அழைத்து வந்து, எல்லாரையும் செருப்பைக் கழற்ற வைத்து, சுவிட்சைப் போடச் சொல்லியிருக்கிறார். திரையில் ஒரு பிழைச் செய்தி. தேதி 1980. எனக்கு போன் வந்தது.

“ஏனுங்க என்ஜினியர், இந்த மிஷினு எண்பதாம் வருசம்னு சொல்லுதுங்க. அப்ப நம்ம மில்லே இல்லீங்க. இந்த இடத்துல சோளம் வெதச்சிருந்தாங்க.”

போனேன். செட்டப்பைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். நன்றாக ஓடியது. மாலை அணைத்தார்கள், மறுநாள் மறந்தது. மறுபடி போனேன். இப்படியே சில நாட்கள். மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காரணம், பிளக்கைச் செருகிவிட்டேன் என்று முழு மனதாக நம்பினேன். நாம் செய்ததாக நம்புகிற வேலையைத்தான் நாம் கடைசியில் சோதிப்போம். நீங்கள் அதை முதலில் சோதியுங்கள்.

கடைசியில் ஒருநாள் திறந்தேன். முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. அவருக்குப் பின்னால் ராஜாத்தியும் சவரிமுத்துவும். உள்ளே பிளக் அம்மணமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கும் முன்னால் கட்டைவிரலால் அழுத்திச் செருகினேன்.

“என்னங்க கோளாறு?” என்றார் முதலாளி.

எங்கள் கம்பெனியில் ஒரு சீனியர் இருந்தார். வேலையில் சேர்ந்த அன்றே அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது இது: “கஸ்டமர் முன்னாடி ‘என் தப்பு’ன்னு சொன்னா அடுத்த மிஷின் வேற கம்பெனிக்குப் போயிரும்யா. தூசி, வோல்டேஜ், ஈரம். இதுல ஒண்ணைச் சொல்லு. அதுக எதுவும் வாயத் தொறந்து மறுக்காது.”

வேகமாக யோசித்தேன். வோல்டேஜ் என்று சொல்ல முடியாது, ஸ்டெபிலைசரை விற்றவர்களும் நாங்கள்தான். ஈரம் என்றால் சிரிப்பார்கள். திண்டுக்கல்லில் அந்த வருடம் கிணறுகளிலேயே ஈரம் இல்லை. மிச்சம் தூசி. ஆனால் அந்த அறையை ஒரு நாளைக்கு இரண்டு வேளை துடைத்துக்கொண்டிருந்தார்கள். என் கண் அலைந்தது. சவரிமுத்துவின் மேசை ஓரத்தில் பொடி டப்பா இருந்தது.

“பொடிங்க” என்றேன்.

“என்னங்க?”

“மூக்குப்பொடி. ரொம்ப நைசான தூள். காத்துல பறந்து உள்ள போயிருது. மெமரி சிப் மேல படிஞ்சா மிஷினுக்கு ஞாபகம் நிக்காது.”

எல்லாரும் சவரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிட்டிகையோடு பாதி தூரம் போயிருந்த கையை மெதுவாக இறக்கினார்.

ராஜாத்திதான் பேசினாள். “அன்னைக்குப் பூவு, இன்னைக்குப் பொடி. அடுத்து மூச்சு விடக் கூடாதுன்னு சொல்வீங்களா சார்?”

மூடியைப் பூட்டினேன்.

பொய்க்கு எத்தனையோ தண்டனை உண்டு என்பார்கள். மிகக் கொடுமையானது, பொய் பலித்துவிடுவது. பொடி தடை செய்யப்பட்டது, மிஷின் மறக்கவே இல்லை. தினமும் காலையில் சரியான தேதியோடு கண் விழித்தது. இதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும்?

பொடி இல்லாமல் சவரிமுத்து ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்து பார்த்தாராம். ஒரே கூட்டலைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு முறையும் புது விடை எடுத்தாராம். பிறகு வேலை பார்க்கிற பாவனையில் தூங்கினார். கடைசியில் மில் கேட்டுக்கு வெளியே போய் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு, முகம் கழுவி, ஒன்றும் தெரியாதவர் போல வந்து உட்கார்ந்தார். முதலாளி வந்து அவருடைய துண்டை முகர்ந்து பார்த்தார்.

“ரெண்டுல ஒண்ணுதான் இந்த ரூமுல இருக்க முடியுமுங்க. மிஷினை வெளிய வைக்க முடியாது.”

அவரைப் பருத்தி குடோனுக்கு மாற்றினார்கள். வருகிற பஞ்சுப் பொதிகளை எண்ணி வாங்குகிற வேலை. அவருடைய நாற்காலியில் பிரிண்டர் காகிதப் பெட்டிகளை அடுக்கினார்கள்.

பொய் அத்தோடு நிற்கவில்லை. முதலாளி போகிற இடமெல்லாம் சொன்னார். ஒரு பூட்டுத் தொழிற்சாலை அலுவலகத்தில் ‘பொடி போடுபவர்களுக்கு அனுமதி இல்லை’ என்று பலகை வைத்தார்கள். அங்கே அப்போது கம்ப்யூட்டரே வரவில்லை, வரப்போகிறது என்று ஒரு பேச்சு மட்டும்தான். ஒரு தோல் கிடங்கில், பொடி டப்பாவின் படம் வரைந்து அதன்மேல் பெருக்கல் குறி போட்டு மாட்டினார்கள். எங்கள் சீனியர் என் முதுகில் தட்டினார். “இத்தனை வருசம் எனக்கே தோணலயேய்யா.” கம்பெனியின் அறிவுரைத் தாளில் தூசி, ஈரம் இவற்றோடு மூக்குப்பொடியும் அச்சாகிவிட்டது. படித்துப் பட்டம் வாங்கிய நான் அறிவியலுக்குச் செய்த பங்களிப்பு அது ஒன்றுதான்.

சில மாதங்கள் கழித்து மிஷினை வழக்கம்போலப் பார்வையிட மில்லுக்குப் போனேன். குடோன் பக்கம் போகாமல் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் உள்ளேயிருந்து யாரோ விடாமல் தும்முகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். புருவம், மீசை, காது மடல் எல்லாம் பஞ்சு. ஆயுள் முழுக்கப் பொடி போட்டும் தும்மாத மனிதரைப் பஞ்சு தும்ம வைத்துக்கொண்டிருந்தது.

“வா அப்பு. மிஷினு சொகமா இருக்கா?”

“இருக்கு சார்.”

“இருக்கும், இருக்கும். நான்தான் இங்கிட்டு வந்துட்டேன்ல.” மறுபடி தும்மினார். “என்னால உனக்கு அம்புட்டு அலைச்சல். பஸ்ஸுல வாரதும் போறதுமா இருந்த. மனசு கேக்காமக் கோயிலுக்குப் போயி பாவசங்கீர்த்தனமே பண்ணிட்டேன்.”

“எதுக்கு சார்?”

“முதலாளி காசு போட்டு வாங்குன மிஷினைக் கெடுத்தேன்ல. சாமியார்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவரும் பொடி போடுற ஆளுதான். கேட்டுட்டுத் தன் டப்பாவ ஒருக்கா எடுத்துப் பாத்தாரு. அப்புறம், ‘மைக் செட்டையும் கெடுக்குமா’ன்னு கேட்டாரு.”

எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. நான் செய்த பாவத்துக்கு இவர் போய்ப் பாதிரியார் முன்னால் முழங்கால் போட்டிருக்கிறார்.

“இன்னும் கொஞ்ச மாசந்தான் சர்வீஸ்” என்றார். “மாலை போட்டு அனுப்புற அன்னைக்கு ஆபீஸ்ல இருந்து அனுப்புனாப் போதும். குடோன்ல இருந்து அனுப்பிரக் கூடாது. சொந்தக்காரன் வருவான்ல, பாப்பான்ல.”

அங்கேயே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. “வாரேன் சார்” என்று சொல்லிவிட்டு முதலாளியிடம் போனேன். இங்கே என் இரண்டாவது தவறு. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முழு உண்மையைச் சொல்லாமல், அவருக்கு மட்டும் விடுதலை வாங்கித் தந்துவிட முடியுமா என்று பார்த்தேன். அவரும் நாற்காலிக்குத் திரும்ப வேண்டும், என் பெயரும் கெடக் கூடாது.

“பொடிக்கும் மிஷினுக்கும் சம்பந்தம் இருக்காதுன்னு இப்ப புது ஆராய்ச்சி சொல்லுதுங்க” என்றேன். அப்படி ஓர் ஆராய்ச்சியை யாரும் செய்யவில்லை.

“அதெப்படிங்க? அவரை அனுப்புனதுல இருந்து ஒரு நாளு மறக்கலியே?”

“சோதிச்சே பாத்துருவோமுங்க. உங்க கண் முன்னாடி.”

சோதனைக்கு மில் அலுவலகமே கூடிவிட்டது. முதலில் திரையில் தேதியைக் காட்டினேன். சரியாக இருந்தது. சுவிட்சை அணைத்தேன். ஒளிவு மறைவு இல்லை என்று காட்டுவதற்காக மூடியின் திருகுகளைக் கழற்றி, பந்தாவாக ஓர் இழு இழுத்துத் தூக்கி வைத்தேன். மிஷின் குடலைத் திறந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குடோனிலிருந்து சவரிமுத்துவை அழைத்து வந்தார்கள்.

“போடுங்க சார்.”

“இதுமேலயா?”

“ஆமா.”

“வேணாம் அப்பு. இப்பத்தான் நல்லா இருக்கு. பாவம்.”

“போடுங்க சவரிமுத்து” என்றார் முதலாளி. “ஆராய்ச்சியாமா.”

அவர் செருப்பு ஏற்கெனவே வாசலில் கிடந்தது. சிலுவை அடையாளம் போட்டார். டப்பாவைத் திறந்து, நல்ல பெரிய சிட்டிகையாக எடுத்து, மிஷினுக்கு நேர் மேலே குனிந்து, இழுத்தார். கொஞ்சம் உள்ளே உதிர்ந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

சுவிட்சைப் போட்டேன்.

பிழைச் செய்தி. 1980 ஜனவரி ஒன்று.

சவரிமுத்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

“நான் சொன்னேன்ல அப்பு. இம்புட்டுப் பேரு முன்னாடி என்னைய எதுக்கு இழுத்து விட்ட?”

முதலாளி தலையை ஆட்டினார். “குடோனுக்கே போங்க.”

மிஷினுக்குள் பார்த்தேன். மூடியை நான் பந்தாவாக இழுத்தபோது பேட்டரி ஒயர் அதில் சிக்கியிருக்கிறது. பிளக் கழன்று, முதல் நாள் போலவே தொங்கிக்கொண்டிருந்தது.

யாரும் அதைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும், பொடி நிரந்தரக் குற்றவாளியாகிவிடும். நான் வாயைத் திறந்து பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். இந்தத் தொழிலில் உங்களுக்கும் இப்படி ஒரு கணம் கட்டாயம் வரும். கருவியைப் பற்றி உங்களைத் தவிர வேறு யாருக்கும் ஒன்றும் தெரியாத ஓர் அறையில் நிற்பீர்கள். அப்போது பிடிக்கிற நடுக்கம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

சவரிமுத்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“இருங்க சார்” என்றேன். ஒயரைப் பிடித்து எல்லாரும் பார்க்கும்படி தூக்கினேன். “இது கழண்டிருக்கு. அதான் மறந்திருச்சு. இன்னைக்கு இதைக் கழட்டினது நான். மிஷின் வந்த அன்னைக்கு இதைச் செருகாம விட்டதும் நான். அது தெரிஞ்சும் உங்க மேல பழியப் போட்டேன்.”

முதலாளி குனிந்து அந்த ஒயரைத் தொட்டுப் பார்த்தார். “அப்ப பொடி?”

“பொடி ஒண்ணும் பண்ணலீங்க.”

“பூவு?” என்றாள் ராஜாத்தி.

“பூவும்தான். எனக்குத் தலைவலிக்கும். அதான்.”

“இம்புட்டு நாளா நான் பூ இல்லாம மொட்டைத் தலையா வந்துட்டிருக்கேன்” என்று அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பிளக்கைச் செருகினேன். செட்டப்பைப் போட்டேன். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பொடி உதிர்ந்த அந்த மிஷினையே திரும்பத் திரும்ப அணைத்துப் போடச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அது சரியாக விழித்தது. அதன்பிறகு அவரே எழுந்து போய், ஹெட் கிளார்க் நாற்காலியில் இருந்த காகிதப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினார். பிறகு கம்பெனிக்கு போன் செய்து, இனிமேல் வேறு என்ஜினியரை அனுப்பச் சொல்லிவிட்டார். சீனியர் என்னைத் திட்டவில்லை. “இனிமே தூசின்னு சொன்னாக்கூட எவனும் நம்ப மாட்டான்யா” என்று கவலைப்பட்டார்.

அன்று பஸ் நிறுத்தம் வரை சவரிமுத்து கூட வந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் யோசனையில் இருந்தார்.

“அது கெடக்கட்டும் அப்பு. இப்ப சாமியார்கிட்டப் போயி நான் என்னன்னு சொல்றது? செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு வாங்கியாச்சே. அதை உம் பேருக்கு மாத்தி விட முடியுமான்னு கேக்குறேன்.”

கேட்டாரா என்று தெரியாது. என்னால் முடிந்ததை நான் செய்தேன். விடுமுறை நாட்களில் பொய் போன ஊர்களுக்கெல்லாம் போய் அதைத் திரும்ப வாங்கப் பார்த்தேன். பூட்டுத் தொழிற்சாலையில் பலகையை எடுத்தார்கள். தோல் கிடங்குக்காரர் எடுக்க மறுத்தார். “படம் போட்டு மாட்டுன நாள்ல இருந்து மிஷின்ல ஒரு கோளாறு இல்ல சார். நீங்க சொன்னது பொய்யா இருக்கலாம். அதுக்காக எதுக்கு வம்பு?” எங்கள் அறிவுரைத் தாளின் அடுத்த பதிப்பில் அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அடித்துவிட்டு, அந்த இடத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு என்று போட்டார்கள்.

சவரிமுத்துவை ஆபீஸிலிருந்தே மாலை போட்டு அனுப்பினார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. சொந்தக்காரர்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். அவர் பழைய அன்போடு என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சிறுமலைப் பக்கம் மேகம் கறுத்து வந்துகொண்டிருந்தது.

“மழை வர்ற மாதிரி இருக்கு சார். சீக்கிரம் கிளம்பிடுங்க.”

அவர் சிரித்துத் தலையாட்டினார். பிறகு மாலையோடு எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசல் வரை போய், அண்ணாந்து வானத்தைத் தன் கண்ணால் ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“ஆமா அப்பு” என்றார். “வருந்தான்.”